பந்தல் தண்ணீரும் ஐந்தாம் வார்த்தையும்

அக்கா, கேட்டீர்களா, இந்தப் பெரிய வெள்ளிக்கு ஐந்தாம் வார்த்தையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள், எனக்கு, சர்ச் மணி அடிக்கிறவர் மகளுக்கு, எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு!

காலையில் சபை வாட்ஸப் குரூப்பில் பெயர்கள் வந்தன. என் பெயரைப் பார்த்த வேகத்தில் போனைக் கொண்டுபோய்ச் சுடு சட்டியின் மூடிமேல் வைத்துவிட்டேன். மருமகள் கத்திய பிறகுதான் எடுத்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி தட்டினேன். அப்புறம் பீரோவைத் திறந்து வெள்ளைப் புடவையை உருவினேன். பாச்சா உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான் அக்கா. சந்தோஷம் எங்கேயோ போய்விட்டது. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது எனக்குப் பழைய பயம். உங்களுக்காகப் பயந்த அன்று வந்தது.

உங்களுக்குத் தெரியாததா? ஆனால் குரூப்பில் இருக்கும் சின்னப் பிள்ளைகளும் இதைப் படிக்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன். இயேசு சிலுவையில் சொன்னவை ஏழு வார்த்தைகள். பெரிய வெள்ளியன்று உச்சிவெயிலில் ஆரம்பித்து மூன்று மணிவரை ஏழு பேர் ஒவ்வொருவராகப் பிரசங்க மேடை ஏறி அவற்றைப் பற்றிப் பேசுவார்கள். ஐந்தாவது, 'தாகமாயிருக்கிறேன்' என்று அவர் சொன்னது. அந்த நாட்களில் நம் சபையில் ஆராதனை முடியும்வரை யாரும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். ஏறிப் பேசுகிறவர்கள் எப்போதும் ஆண்கள்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் உங்கள் ரசிகை. மற்றப் பெண்கள் சினிமாக்காரிகளின் படத்தைத் தகரப் பெட்டிக்குள் ஒட்டிவைத்தார்கள். நான் உங்கள் கொண்டையைப் பார்த்துக் கொண்டை போட்டேன். நீங்கள் கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவீர்கள். என்னிடம் கடிகாரம் ஏது? ஒரு கறுப்பு ரிப்பனை அதேபோல் கட்டிக்கொண்டு பெரிய காஞ்சிபுரம் முழுக்கத் திரிந்தேன். நீங்கள் மெட்ராஸில் பி.ஏ. முடித்துவிட்டு வந்திருந்தீர்கள். ஹார்மோனியம் வாசிப்பீர்கள், டைப் அடிப்பீர்கள், கிறிஸ்மஸுக்குக் கேக் செய்வீர்கள், திருவிருந்து மேசைக்கு லேஸ் பின்னுவீர்கள்.

"பொண்ணுன்னா இப்படி இருக்கணும்மா. வாயத் தெறந்தா பாட்டு, கையில நூல் எடுத்தா பூவு" என்று சபையின் அம்மாமார்கள் உங்களை என் முன்னாலேயே மெச்சுவார்கள். என்னைப் பார்த்து, "நீயும் இருக்கறியே" என்பார்கள். எனக்குக் கோபமே வராது. உங்களைப் புகழ்ந்தால் எனக்குத்தான் மனசு குளிர்ந்துபோகும். இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. பாடலாம், வாசிக்கலாம், பின்னலாம், பரிமாறலாம். கெட்டிக்காரக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு இத்தனையும் அனுமதி. எழுந்து நின்று சொந்தமாக நாலு வார்த்தை பேசுவதற்கு மட்டும் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

அந்த வருஷம் ஐந்தாம் வார்த்தை பேசவேண்டிய வாத்தியாருக்குக் காய்ச்சல். பாஸ்டர் ஐயா உங்கள் பெயரைச் சொன்னார். நான் அப்போது அப்பாவுக்குத் துணையாகப் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தேன். கமிட்டிப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது.

"பொம்பள ஏறிப் பேசறதா? சரி ஐயா, உங்களுக்காக ஒரு வாட்டி. ஆனா நடுவுல தடுமாறி நின்னுச்சுன்னு வெச்சுக்குங்க, அதோட சரி. இனிமே எந்தப் பொண்ணு பேரையும் எங்கிட்ட கொண்டாராதீங்க."

துடைப்புத் துணியைப் போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அவ்ளோதானே? தடுமாறாம பேசிட்டாப் போச்சு" என்று சிரித்தீர்கள். ஆனால் கையில் இருந்த லேஸ் ஊசி தவறிக் கீழே விழுந்தது. நான் பார்த்துவிட்டேன்.

பெரிய வெள்ளியன்றே ஏகாம்பரநாதர் கோயில் பங்குனித் திருவிழாவும் அமைந்துவிட்டது. தெருவெல்லாம் பட்டும் பூவும் மேளமும். சர்ச்சுக்குள்ளே எல்லோரும் வெள்ளையில், மௌனத்தில், வறண்ட தொண்டையோடு. மதில் ஓரத்தில் பக்கத்து வீட்டு நெசவுக்கார அண்ணன், சாமி பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்.

மூன்றாம் வார்த்தை நடக்கும்போது நீங்கள் நான் இருந்த மணிக்கயிற்றின் பக்கம் வந்து நின்றீர்கள்.

"ஏ புள்ள, என் கையப் புடி."

பிடித்தேன். பங்குனி வெயிலில் உங்கள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"பயமா இருக்குதாக்கா?"

"வயித்துக்குள்ள எவனோ தறி போட்டுக்கினு இருக்கறான்டி. கட்டை சத்தம் ஓயவே மாட்டேங்குது."

"பி.ஏ. படிச்ச உங்களுக்கேவா?"

"பி.ஏ.ல இதுக்கெல்லாம் பாடம் வெக்கல."

உங்களுக்கே இப்படி என்றால் என் கதி என்ன? அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. நீங்கள் தடுமாறினால் உங்களோடு முடிந்துபோகாது. எனக்குப் பின்னால் பிறக்கப்போகிற பெண்களுக்கும் சேர்த்துக் கதவு சாத்திவிடும். அந்தப் பெரியவர் பேச்சு மாறாதவர்.

நான்காம் வார்த்தை முடிந்து பாட்டும் முடிந்தது. நீங்கள் ஏறினீர்கள். வசனத்தை வாசித்தீர்கள். தலையை நிமிர்த்தினீர்கள். அத்தோடு நின்றுவிட்டது.

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வெளியே நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பெரியவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பாடகர் குழுவைப் பார்த்துக் கண் காட்டினார். பாட்டு ஆரம்பித்துவிட்டால் உங்கள் கதை முடிந்தது. 'கர்த்தாவே, பேசவையும், பேசவையும்' என்று நான் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றீர்கள்.

ஒருவரும் அசையவில்லை. இது பிரசங்கம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள் அக்கா! தாகத்தைப் பற்றி எவ்வளவு உருக்கமாக ஆரம்பிக்கிறாள் பார் என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். முன் வரிசையில் ஓர் அம்மா மனம் கசிந்து, "ஆமென்" என்றுகூடச் சொன்னார்.

"நெஜமாவே கேக்கறேன். தண்ணி."

இப்போது கண்கள் திறந்தன. விரத நாளில், பலிபீடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு தண்ணீர் கேட்கிற பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. வாசல் பானையை விரத நாள் என்று அப்பா காலையிலேயே கவிழ்த்து வைத்திருந்தார். தெருவுக்கு ஓடினேன்.

"அண்ணே, ஒரு சொம்பு தண்ணி!"

"தண்ணி எதுக்கும்மா, பானகம் இருக்குது, நீர்மோர் இருக்குது..."

"எனக்கில்லண்ணே. அக்காவுக்கு. உள்ள பேச எழுந்தாங்க, பேச முடியல. தண்ணி கேக்கறாங்க."

"அவ்ளோ ஜனம் இருக்குது உள்ள. ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லியா?" என்றபடியே மொண்டு கொடுத்தார். "சொம்பு பத்திரம்மா, வூட்டுக்காரி கொன்னுடுவா!"

நடுவழியில் பெஞ்சுகளுக்கிடையே நான் நடந்தபோது பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

"எங்கேர்ந்து கொண்டாந்த?"

"பந்தல்லேர்ந்து ஐயா."

"சாமி பந்தலா?"

அந்த இரண்டு சொல்லும் பெஞ்சு பெஞ்சாகப் பரவின. என் கால்கள் நின்றுவிட்டன. சொம்பில் தண்ணீர் தளும்பி என் கையில் வழிந்தது. போனாலும் தப்பு, திரும்பினாலும் தப்பு. வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததே இல்லை.

நீங்கள் மேலிருந்து இறங்கி வந்தீர்கள். "குடு" என்றீர்கள். அவர் கைக்கு மேலாகச் சொம்பை வாங்கி, அங்கேயே அண்ணாந்து குடித்தீர்கள். பாதி புடவையில் கொட்டியது. திரும்ப ஏறவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவிலேயே நின்று பேசினீர்கள். எழுதி மனப்பாடம் செய்த பிரசங்கத் தமிழ் ஒன்றும் வரவில்லை. வீட்டில் பேசுவதுபோல் வந்தது.

"நான் ரெண்டு வாட்டி கேட்டேன். யாரும் எழுந்திரிக்கல. உங்க மேல தப்பில்ல. உங்க எடத்துல இருந்தா நானும் கண்ண மூடிக்கினுதான் இருந்திருப்பேன். தாகத்தைப் பத்தி நல்லாப் பேசணும்னு நெறைய எழுதிக்கினு வந்தேன். ஒரு வாய் தண்ணி கேக்கறதுக்கு எவ்ளோ பயமா இருக்குதுன்னு எனக்கு இப்பதான் தெரியுது. அவரும் சிலுவையில இத்தனை பேர் பாக்கத்தானே கேட்டாரு?"

அதற்குமேல் என்ன பேசினீர்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் பெரியவர் வந்தார். "விரத நாள்ல, பலிபீடத்தண்ட, பந்தல் தண்ணி. நல்லா இருக்குதும்மா உன் படிப்பு" என்றார்.

"தாகமா இருந்துச்சு ஐயா" என்றீர்கள்.

அவர் செருப்பைத் தேடிப் போனார். அவர் போனதும் உங்கள் காதோரம் கேட்டேன்: "அக்கா, வேணும்னுதானே கேட்டீங்க?"

"போடி இவளே! நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. நீ வரலன்னா அங்கயே உக்காந்து அழுதிருப்பேன்."

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அடுத்த வருஷம் ஏழு பேரும் ஆண்கள்தான், அதற்கடுத்த வருஷமும். நீங்கள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனீர்கள். அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை, அங்கேயே கடைசி மூச்சும். முகம் பார்க்க என்னால் வர முடியவில்லை. அந்தப் பெரியவரும் இல்லை. கதவு திறக்க இத்தனை காலம் ஆகி, திறந்தபோது வெளியே நான்தான் நிற்கிறேன்.

கெட்டிக்காரப் பெண் என்றால் பயமே இல்லாதவள் என்றுதான் ரிப்பன் கட்டித் திரிந்த காலத்தில் நினைத்திருந்தேன். ஆனால் பயந்துபோன உங்களைத்தான் இத்தனை வருஷமும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கவனிக்காமல் போன டாக்டரை வராண்டாவில் நிறுத்திக் கேட்டேன். மகளை மேலே படிக்கவைக்க மாமனாரிடம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருக்கும். பயந்துகொண்டே கேட்பேன். முதல் தடவை காதில் விழவில்லை என்றால் இரண்டாம் தடவையும் கேட்பேன்.

அக்கா, உங்களிடம் பேசி முடித்துவிட்டேன். இனி மற்றவர்களிடம்.

குரூப்பில் இருக்கிறவர்களே, அன்று சர்ச்சில் இருந்த யாராவது வெளியூரில் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அக்கா அதற்குமேல் என்ன பேசினார் என்று நினைவிருந்தால் கீழே எழுதுங்கள், எனக்கு வேண்டும். வெள்ளிக்கிழமை நேரத்தோடு வந்து முன் பெஞ்சுகளில் உட்காருங்கள். வருகிறேன் என்று இப்போதே ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நான் பேச்சு வராமல் நின்றுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டிருக்காதீர்கள், யாராவது எழுந்து வாருங்கள்.