ஐந்து விரலும் இருந்தால் கனவு

இராயபுரம்

அன்புள்ள வேம்புவுக்கு,

நீயும் குழந்தை மரகதமும் சுகந்தானே? எனக்கு இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே. இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

கனவில் அடிக்கடி ஊருக்கு வருவேன். நம் வாசலை மிதித்ததும் விழிப்பு வந்துவிடும். பக்கத்துப் பாயில் படுக்கும் லோகநாதன் அதற்கு ஒரு வழி சொன்னான்.

"முழிச்சிகினு இருக்க சொல்லோ கைய பாத்து, 'இது கனாவா'ன்னு கேட்டுகினே இரு நைனா. கனாவுலயும் அதே பழக்கத்துல பாப்ப. அங்க வெரலு வேற மாதிரி இருக்கும். கனான்னு தெரிஞ்சிட்டா, முழிக்காம உள்ள பூந்துடலாம்."

துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போதும் அப்படிக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். இரும்புக் கயிறு இழுத்ததில் வலக்கை ஆள்காட்டி விரல் போய்விட்டது. ஒரு விரல்தான், புண்ணும் ஆறிக்கொண்டு வருகிறது.

இப்போது எனக்குக் குழப்பமே இல்லை. ஐந்து விரலும் இருந்தால் அது கனவு. நேற்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டேன். மரகதம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கட்டுப் போட என் பழைய வேட்டியைக் கிழித்து அனுப்பு. துறைமுகத்தில் சங்கு ஊதுகிறது, வேலைக்குக் கிளம்புகிறேன். பொங்கலுக்கு வருவேன். அதற்குள் குழந்தையை இடது கை பிடித்து நடக்கப் பழக்கிவிடு.

தண்டபாணி