பரணில் தொங்கிய உன் பங்கு

செமெய்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சயாத்துக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உன் மகள் நுராயும் உயிரோடு இருக்கிறோம், வீடும் சூடாக இருக்கிறது, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது. கொரியாவில் நீயும் குல்னூரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அவளுடைய இருமல் விட்டதா, அதை எழுது. போனில் சொல்லலாமே என்பாய், எப்படிச் சொல்வது, நான் போனை எடுத்தால் உன் அப்பா பின்னாலேயே வந்து நிற்கிறார், "அவன்கிட்ட ஒண்ணும் உளறி வைக்காதே, அங்க உக்காந்துக்கிட்டு அவன் என்ன பண்ணுவான் பாவம்" என்று ஒரே பாட்டு. எதிர்வீட்டு மதினாவின் மகள் அங்கே வருகிறாள், அவள் பெட்டிக்குள் இதைத் திணித்து அனுப்புகிறேன்.

வீட்டைச் சூடாக்கும் நம் கரிப் பாய்லர்தான் விஷயம். திங்கட்கிழமை காலையில் லேசாக டக் டக் என்றது, மதியத்துக்குள் உள்ளே யாரையோ பூட்டி வைத்து அவன் சுத்தியலால் அடிப்பது போல ஆகிவிட்டது. வெளியே எச்சில் துப்பினால் கீழே விழுவதற்குள் உறையும் குளிர். உன் அப்பாவோ "குழாய்ல காத்து அடைச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போய் வெந்நீர் சுற்றும் ஒவ்வொரு ரேடியேட்டரின் திருகாணியையும் திறந்து பார்த்தார், காற்றும் வரவில்லை, தண்ணீரும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வீடு ஆறிக்கொண்டே போகிறது என்று இன்னும் கரியை அள்ளிப் போட்டார், போடப்போடச் சத்தம் கூடியது. பாய்லர் தலையிலிருந்து மேலே போகும் குழாயில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும் போல இருக்கிறது, நுராய் தூங்கும் அறை ரேடியேட்டரைத் தொட்டால் ஐஸ் மாதிரி கிடக்கிறது. "சூடு உள்ளேயே சுத்துதுங்க, வெளிய போகவே இல்ல, மேல மேல கரி போடாதீங்க" என்றேன். "நான் தாடி முளைச்ச நாள்லேர்ந்து பாய்லர் பத்தவைக்கிறேன், நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா" என்கிறார் மகானுபாவர்.

அப்போது ஒரு முட்டு முட்டியது பார், சமையலறைச் சுவரே அதிர்ந்து தேநீர்க் கிண்ணங்கள் கீழே விழுந்தன, குழந்தை அலறிக்கொண்டு எழுந்தது. உன் அப்பா முகம் வெளுத்து, ஒரு வாளி பச்சைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பாய்லருக்குள் ஊற்ற ஓடுகிறார். நான் வாளியைப் பிடித்துத் தொங்கினேன். "கொதிக்கிற இரும்புல பச்சத்தண்ணி ஊத்தினா வெடிச்சிடும், உள்ள புள்ள இருக்குங்க" என்று கத்தினேன், "விடுடி" என்கிறார், "கொன்னாலும் விடமாட்டேன்" என்கிறேன், பாதித் தண்ணீர் எங்கள் காலிலேயே கொட்டிவிட்டது, அதுவும் நல்லதுக்குத்தான். நான் நுராயை உன் பழைய ஆட்டுத்தோல் கோட்டில் சுருட்டி மதினா கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன், உன் அப்பா எரியும் கரியை இரும்பு வாளியில் வாரி வாரி வெளியே பனியில் கொட்டினார். நெருப்பை எடுத்த பிறகும் அது முட்டிக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் வாசலில் நின்று அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம், சுவர் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அல்லா காப்பாற்றினான், மெல்ல மெல்ல அடங்கியது.

அப்புறம்தான் பரணில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி என் நினைவுக்கு வந்தது. ஏறிப் பார்த்தால் தொட்டி கல்லாக உறைந்து கிடக்கிறது, அதற்குப் போகும் குழாயும் அப்படித்தான், சூடான தண்ணீர் மேலே ஏறி வீட்டைச் சுற்ற வழியே இல்லை. ஏன் உறையாது, பரண் ஜன்னல் ஆவென்று திறந்து கிடக்கிறது, மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல் வேறு. ஜன்னலுக்கு நேரே, நீ வந்ததும் சமைக்க எடுத்துவைத்த உன் பங்குக் கறி தொங்குகிறது, இந்தக் குளிர்காலத்துக்கு அறுத்த குதிரையின் இடுப்பு எலும்பும், குடலில் அடைத்த விலாக்கறியும், வெள்ளைத் துணியில் சுற்றி. யார் திறந்தது என்று கேட்டேன். உன் அப்பா ஏணியடியில் நின்றபடி தொப்பியைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தார். "போன வாரம் வெயில் அடிச்சு பனி இளகுச்சில்ல, புள்ள பங்கு கெட்டுப்போயிடுமேன்னு பாத்தேன், மறுபடி மூட மறந்துட்டேன்" என்றார். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் பரண் மேலே ஏறி உட்கார்ந்து கந்தல் துணியை வெந்நீரில் நனைத்து நனைத்துக் குழாயில் சுற்றினார், இருட்டுவதற்குள் உள்ளே தண்ணீர் களகளவென்று இறங்கியது, பிறகு சின்னதாக நெருப்புப் போட்டோம், ரேடியேட்டர் சூடேறிய பிறகுதான் குழந்தையைக் கூட்டிவந்தேன்.

சயாத், இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. போன வசந்த விழாவுக்கும் வந்துவிடுவேன் என்றாய், அதற்கு முந்தியதற்கும் சொன்னாய். போன வருஷம் உன் அப்பா உன் பங்கு இளகி நாறும்வரை தொங்கவிட்டு, பிறகு தானே கொண்டுபோய்ப் புதைத்தார், அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை. இந்த முறை அந்தக் கறிக்காக உன் மகளையே இழந்திருப்போம். அவர்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, உன்மேலும்தான். நுராய் அவரை அப்பா என்கிறாள், போனில் உன் படத்தைக் காட்டினால் சயாத் என்று பெயர் சொல்கிறாள், அதைக் கேட்டு அவர் சிரிக்கிறார், பிறகு கொட்டகைக்குப் போய்விடுகிறார். உன் பங்கு இப்போது அங்கேதான் தொங்குகிறது, தினமும் போய்த் தொட்டுப் பார்க்கிறார். வரமுடியாது என்றால் நான் அழமாட்டேன், பிழைப்பு என்றால் அப்படித்தான். ஆனால் நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

நீயும் குல்னூரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழவேண்டும், போகிற வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கவேண்டும், காலில் கெட்டிக் காலுறை போடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய். பாய்லரைப் பற்றி மூச்சுவிடாதே. நேராக அவரைக் கூப்பிட்டு, ஒன்று எந்த நாள் வருகிறாய் என்று சொல், இல்லாவிட்டால் என் பங்கை நீங்களே சமைத்துச் சாப்பிடுங்கள் அப்பா என்று உன் வாயாலேயே சொல்லிவிடு.

உன் அம்மா,
ஷரிபா