நாலரை இஞ்சுச் சுவர்

கீழக்குயில்குடி,
ஜூன் 11, புதன்.

அன்பு மகன் முத்துப்பாண்டிக்கு அப்பா எழுதுவது.

நீ சுகமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. கேட்டுவிட்டேன். இங்கே யாரும் சுகமில்லை. ஃபோனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், எனக்கும் நாக்கு புரளாது. அதனால் எழுதி, படம் பிடித்து சிங்கப்பூருக்கு அனுப்புகிறேன். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் அவசரச் செய்தி. வெள்ளிக்கிழமை உன் பெண்டாட்டியை அழைத்துப்போக அலங்காநல்லூரிலிருந்து அவள் அண்ணன் வருகிறான். சத்யப்ரியா பெட்டி கட்டிவிட்டாள். பொய் சொல்கிறவளோடு வாழ முடியாது என்று நீ சொன்ன பிறகு எந்தப் பெண் இருப்பாள்? "உங்க மகன் வேணாம்னுட்டாக, இனி நான் இங்கன யாரு மாமா" என்று கேட்டாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

உன் கருவியைப் பற்றித்தான் எழுத வேண்டும். பொங்கலுக்கு வந்தபோது இரண்டு பால்பவுடர் டப்பாவை வைத்துச் செய்தாயே, அந்த ரேடார். ஒரு டப்பா அலையை அனுப்பும், இன்னொன்று திரும்பி வருவதைப் பிடிக்கும், அம்மா நெஞ்சு ஏறி இறங்கினால் வீட்டு ஃபோனிலும் சிங்கப்பூரில் உன் ஃபோனிலும் கோடு ஏறி இறங்கும் என்று விளக்கினாய். பக்கவாதத்தில் வாயும் வலது கையும் போய்க் கிடந்தவளுக்கு, உடம்பில் ஒரு ஒயர்கூட ஒட்டாமல் காவல். நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். மின்விசிறி சுற்றினால் கோடு கெடுகிறது என்று அதைக் கழற்றி, ஸ்டாண்டு ஃபேனை அறைக்கு வெளியே வைத்தாய். உன் அம்மா அதையும் பொறுத்துக்கொண்டாள்.

உன் அம்மா இறந்த அன்று நாலு முப்பத்தெட்டுக்கு சத்யப்ரியா காபியோடு உள்ளே போனாள். தொட்டபோதே சில்லிட்டிருந்தது என்றாள். உயிர் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிறது என்று டாக்டரும் சொன்னார். நீ நம்பவில்லை. நாலு முப்பத்தெட்டு வரை கோடு ஓடியிருக்கிறது, சத்யப்ரியா உள்ளே போன பிறகுதான் நின்றது, மெஷின் பொய் சொல்லாது என்றாய். காரியம் நடந்த வீட்டில், பத்துப் பேர் முன்னால், உள்ளே போய் என்ன செய்தாய் என்று கேட்டாய். அன்றிலிருந்து அவள் ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள்.

கருவியைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம் சத்யப்ரியா அடுப்படியில் நின்று ஃபோனைப் பார்த்திருக்கிறாள். கட்டில் காலி. கோடு ஓடுகிறது. மறுநாளும் ஓடியிருக்கிறது. "மாமா, அத்தை இங்கனயேதான் இருக்காக. மூச்சு விடுறாக. என்னையத்தான் கேக்க வந்திருக்காக" என்றாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. அந்த அறை வாசலில் விளக்கேற்றி வைத்து, "நான் ஒண்ணுஞ் செய்யல அத்தை" என்று வெறும் கட்டிலிடம் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்வானேன், வந்துவிட்டாளோ என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கோடு வந்த நேரத்தையெல்லாம் அவள் காலண்டரில் குறித்திருந்தாள். ஒன்று பத்திலிருந்து நாலரை வரை. ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் வரவில்லை. முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்தவன் நான், எந்த நேரம் எந்த வண்டிக்கு உரியது என்று பார்த்ததும் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை பல் வலிக்கு டாக்டரிடம் போயிருந்தேன். மற்ற நாளில் நான் எங்கே இருந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காளவாசல் டீக்கடைக்குப் போறேன் என்று உங்களிடம் சொல்வேனே, அது பொய். அவள் படுக்கையில் விழுந்த நாளிலிருந்தே, சாப்பிட்டதும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், உன் அம்மா கட்டிலுக்கு நேர் பின்னால், சமணர் மலையைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். உள்ளே உட்கார எனக்குத் தைரியமில்லை. அவள் கண் என் கூடவே வரும். பக்கவாதம் வருவதற்கு முன்னால், தலை சுத்துது என்று அவள் மூன்று நாள் சொன்னபோது, வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் போ என்றவன் நான்.

ஆனால் நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். என் இருமல் தெரியாதா ஜெயக்கொடிக்கு? இடது கையால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். இருக்கீகளா என்று அர்த்தம். நானும் இரண்டு தட்டுவேன். நாற்பது வருஷத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த மூன்று மாதம்தான்.

முந்தாநாள் ஃபோனை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சாய்ந்து உட்கார்ந்து மூச்சைப் பிடித்தேன். கோடு படுத்தது. விட்டேன், எழுந்தது. மூன்று தடவை பார்த்தேன். ஒன்பது இஞ்சுச் சுவர் என்று நீ நினைத்திருப்பாய். பின்சுவரை மட்டும் நாலரை இஞ்சாகக் கட்டச் சொன்னவன் நானேதான். உன் டப்பா கட்டிலைத் தாண்டி என்னைப் பார்த்திருக்கிறது.

உயிர் போன அன்று இரண்டு பத்துக்கு உன் அம்மா தட்டினாள். இரண்டு தட்டு இல்லை, நிறுத்தாமல் தட்டினாள். அந்த வளையல் சத்தம் இப்போதும் கேட்கிறது. நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடினால், இத்தனை நாள் ஒளிந்து உட்கார்ந்திருந்தது தெரிந்துபோகுமே என்று வெட்கம். சத்யப்ரியா இருக்கிறாள், மெஷின் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதிலுக்கு இரண்டு தட்டு தட்டினேன். சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள் என்று நானும் கண்ணயர்ந்தேன். சத்யப்ரியா அலறியபோதுதான் எழுந்து ஓடினேன். கோடு நின்றது அதனால்தான்.

உன்னிடம் ரெக்கார்டு இருக்கிறதே, எடுத்துப் பார். இரண்டு பத்தில் கோடு கலைந்திருக்கும். அதன்பிறகு சீராகப் போகும். அதைப் பார்த்துத்தான் நீ இரண்டரைக்கு சத்யப்ரியாவை அழைத்து, அம்மா நல்லாத் தூங்குறாங்க, உள்ள போய் எழுப்பிராத என்று சொன்னாய். நேற்றுத்தான் இதை அவள் வாயிலிருந்து பிடுங்கினேன். பத்துப் பேர் முன்னால் நீ கேட்டபோதுகூட அவள் இதைச் சொல்லவில்லையே, யோசித்தாயா? அந்தச் சீரான மூச்சு என்னுடையது முத்துப்பாண்டி.

அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, "இதை அவுகட்ட சொல்லுங்க மாமா" என்றாள். பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அவள் அண்ணன் வருவான். அதற்குள் அவளை அழை. எடுக்கமாட்டாள். எடுக்கும்வரை அழை. என்னை என்ன செய்வது என்று அப்புறம் யோசித்துக்கொள். ரெக்கார்டை மட்டும் அழித்துவிடாதே, இரண்டு பத்துக்கு முந்தி அதில் உன் அம்மாவும் நானும் சேர்ந்து இருக்கிறோம்.

இப்போதும் மத்தியானத்தில் பின்னால் போய் உட்கார்ந்து இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டீர்கள் என்றால், உன் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு நல்ல சேதி இருக்கும். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

உன் அப்பா,
நல்லகாமன்