நான் போட்ட சுவிச்

மார்ச் 11, திங்கள்

காலையில் கடையில் இரண்டு மின்விசிறி, ஒரு கிறைண்டர் திருத்தினேன். பின்னேரம் பருத்தித்துறையிலிருந்து கடற்தொழில் செய்கிற முத்துக்குமாரு அண்ணை வந்தார். கையில் தண்ணீர் புகாத எல்ஈடி ரோச் லைற். அழுத்தினால் எரிகிறது, கையை எடுத்தால் அணைகிறது. தானே கத்தியால் கிண்டிப் பார்த்தாராம்.

"புதுசு வாங்கலாம் பிள்ளை. ஆனா உந்த வெளிச்சம் இப்ப வாறதுகளிலை இல்லை. கடலிலை தூரத்திலை வாற போட்டுக்கு நாங்கள் நிக்கிறது தெரியவேணுமெல்லே."

பின்மூடியைக் கழற்றினேன். சுவிச்சின் வில் துருவேறி, அடித்தகட்டில் பச்சை பூத்திருந்தது. துப்புரவாக்கினால் சில நாள் எரியும்தான். ஆனால் கடலுக்குப் போகிற சாமான். மாற்றத்தான் வேண்டும். அந்த அளவுச் சுவிச் பெட்டியில் ஒன்றே ஒன்று கிடந்தது.

மார்ச் 12

பழைய சுவிச்சையும் வாசரையும் மேசைக்குள் போட்டுவிட்டுப் புதுச் சுவிச்சைப் போட்டேன். மூடி இறுகுகிற இடத்துக்குப் புது றப்பர் வாசர், அதன்மேல் மெல்லியதாகக் கிறீஸ். எரியவிட்டபடியே வாளித் தண்ணீருக்குள் போட்டுக் கடை பூட்டும்வரை வைத்திருந்தேன். துடைத்துத் திறந்து பார்த்தால் உள்ளே ஈரமே இல்லை. என்னோடு கடை நடத்துகிற கீர்த்திகா எட்டிப் பார்த்து, "உனக்கு உந்தப் பொறுமை எங்கையிருந்து வருகுதோ நிரோ!" என்றாள். அவள் கொண்டுவந்த புட்டை இருவரும் ஒரே பெட்டியில் சாப்பிட்டோம். கடை தொடங்கி ஆறு வருஷமாக அப்படித்தான்.

மார்ச் 14

அம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. கீர்த்திகா போன் எடுத்தாள். "அண்ணை வந்து ரோச்சைக் கொண்டு போயிட்டார். நீ ஆறுதலா வா."

மார்ச் 20



பத்தரை மணிக்கு முத்துக்குமாரு அண்ணையின் மனைவி பத்மாசினி அக்கா கடைக்குள் வந்தா. ரோச்சை என் மேசையில் எறிந்தா. நேற்று விடியப்புறம் கடலில் படகின் எஞ்சின் நின்றுவிட்டதாம். எதிரே பெரிய போட் ஒன்று வந்திருக்கிறது. அண்ணை ரோச்சை அடித்தார். எரியவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாராம். போட் இடித்து, வலக்கை இரண்டு இடத்தில் முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"உன்னை நம்பித்தானே தந்தவர்! உள்ளுக்கை தண்ணி நிக்குது! அந்த மனிசன் செத்திருந்தால் என்ன செய்வாய்?"

ரோட்டில் போனவர்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். நான் கீர்த்திகாவைப் பார்த்தேன். அவள் கணக்குப்புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் அதிலை கை வைக்கேல்லை அக்கா. நிரோதான் முழுக்கச் செய்தவ."

உண்மைதானே. பிறகேன் எனக்கு அப்படி வலித்தது?

வாசரைப் போட்டேனா? போட்டேன். கிறீஸ்? பூசினேன். வாளியில் வைத்தேன். வைத்தேன்தானே?

மார்ச் 21

கீர்த்திகா வருமுன் போய் ரோச்சைத் திறந்தேன்.

அதற்குள் இருப்பது நான் போட்ட சுவிச் இல்லை. பழையது. துருவை யாரோ உரஞ்சித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். புது வாசரும் இல்லை. தேய்ந்து தட்டையாகிப்போன பழைய வாசர்.

நான் அம்மாவோடு வீட்டில் நின்ற நாட்களில் கடையில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

இல்லை. அவள் அப்படிச் செய்யமாட்டாள்.

மார்ச் 22

செய்திருக்கிறாள்.

கேட்டேன். முதலில், "என்ன கதைக்கிறாய் நீ?" என்றாள். கழற்றிய பழைய சுவிச்சை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அழத் தொடங்கினாள்.

"நீ வராத அண்டைக்கு எனக்குப் பேசின மாப்பிள்ளையின்ரை அண்ணர் வந்தவர் நிரோ. அவரிட்டையும் இதே ரோச். அண்டைக்கே வேணுமெண்டு நிண்டார். கொழும்பிலையிருந்து சாமான் வர ரெண்டு கிழமை செல்லும். மாப்பிள்ளை வீட்டு ஆளுக்கு எப்பிடி இல்லை எண்டுறது? புதுசைக் கழட்டி அவருக்குப் போட்டிட்டு, முத்துக்குமாரு அண்ணையின்ரைக்குப் பழசைத் துப்புரவாக்கிப் போட்டுப் பாத்தன், எரிஞ்சது. சாமான் வந்தோடனை மாத்திக் குடுப்பம் எண்டு..."

"வாசரையும் கழட்டினியோ?"

சுவிச்சை மேசையில் வைத்தாள்.

"அக்கா என்னைப் பேசேக்கை நீ பக்கத்திலைதானே நிண்டனி?"

"கலியாணம் பொருந்தி வாற நேரம். கடைக்கு முன்னாலை அவ்வளவு சனம். பயந்திட்டன்." மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நானே அவையளிட்டைப் போய்ச் சொல்லுறன். சத்தியமா."

அவள் அழுதால் எனக்குத் தாங்காது. தலையைத் தடவிவிட்டு வந்தேன். என்ன மனம் எனக்கு?

மார்ச் 24, ஞாயிறு

அண்ணையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கை முழுக்க மாவுக்கட்டு. நான் வாய் திறக்குமுன் அவரே தொடங்கினார்.

"கவலைப்படாதை பிள்ளை. நேற்று கீர்த்திகா வந்து எல்லாம் சொன்னவ. தாய்க்குச் சுகமில்லாத யோசினையிலை வாசர் போட மறந்திட்டியாம். மனிசர்தானே. உனக்காக அந்தப் பிள்ளை அழுது மன்னிப்புக் கேட்டது."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ரை அம்மாவின்ரை காய்ச்சலையுமா சாட்டுக்கு எடுத்தவள்? எனக்காக அழுதாளாம். எனக்காக!

கைப்பையிலிருந்து சுவிச்சை எடுத்துப் போர்வையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.  அண்ணை இடக்கையால் சுவிச்சை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் கொண்டுவந்து தந்த பழசு. இந்தக் கீறல் என்ரை கத்தி பட்டது."

பத்மாசினி அக்காவும் கட்டிலுக்குக் கிட்ட வந்து அதைப் பார்த்தா. பிறகு கேட்டா: "அப்ப அவள் ஏன் அழுதவள்?"



மார்ச் 27

கடை இருப்பது கீர்த்திகாவுடைய மாமாவின் கட்டடம். போவதென்றால் நான்தான் போக வேண்டும். என் குறடுகளையும் ஈயம் பற்றவைக்கிற கோலையும் அண்ணையின் ரோச்சையும் பையில் போட்டேன். கடை பூட்டுகிற திறப்பை அவள் மேசையில் வைத்தேன். எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று படியில் கொஞ்சம் நின்றேன்.

ஏப்ரல் 3

ஒன்றும் செய்யவில்லை. அம்மா புட்டு அவித்தா. சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 20

யாழ்ப்பாணம் போய் அந்த அளவுச் சுவிச்சும் வாசரும் தேடி வாங்கினேன். நேரே முத்துக்குமாரு அண்ணை வீட்டுக்குப் போய், அவர்கள் இருவரும் பார்த்திருக்க முற்றத்தில் வைத்து மாற்றினேன். வாளியில் தண்ணீர் நிறைத்து ரோச்சை அமிழ்த்தியது பத்மாசினி அக்காதான். பிளேன்ரீ குடித்து முடியும்வரை தண்ணீருக்குள் எரிந்தது. பிறகும் எரிந்தது. அக்கா மன்னிப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. வெளிக்கிடும்போது, "பக்கத்து வீட்டிலையும் ரெண்டு ரோச் பழுதாக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமையிலை இஞ்சை வந்திருந்து செய்யன்" என்றா.

யூன் 9, ஞாயிறு

கீர்த்திகாவின் கலியாணம் இன்று. கார்ட் தபாலில் வந்திருந்தது. உறையில் என் பெயர் அவளுடைய கையெழுத்திலேயே.

வழமைபோலப் பத்மாசினி அக்கா வீட்டுக்குப் போனேன். நாலு ரோச், ஒரு தண்ணீர் மோட்டர். அண்ணை தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். கை முழுதாக நீளாது.

பத்து மணிபோல, பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா கலியாணத்துக்குப் போகிற வழியில் ஓட்டோவை நிறுத்தி, மகனுடைய ரோச்சைத் தந்தா. என்னை உற்றுப் பார்த்தா.

"நெல்லியடியிலை கீர்த்திகாவோடை கடை வச்சிருந்த பிள்ளையெல்லே? நீர் போகேல்லையோ? ரெண்டு பேரும் நல்ல சிநேகிதம் எண்டு சொல்லுவினம்."

"ஒண்டாப் படிச்சனாங்கள்" என்றேன்.

ஓட்டோ போனது. அடுத்த ரோச்சின் பின்மூடியைக் கழற்றினேன்.