எனக்கு டைபாய்டு வந்த பதினாறு நாட்கள்

காலையில் தைலமரக் காட்டுக்குப் போய் இன்னும் வீடு வந்து சேராத என் அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேட்காமல் எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்குக் கண்ணாடி வந்துவிட்டது. நீங்கள் வாங்கி விட்ட செவலை ஆடு இரண்டு ஈத்து போட்டுவிட்டது.

உங்கள் இரண்டாவது நினைவு நாள் வருகிறது. பெரியப்பா போன வருடம் போலவே, ஊருக்குப் பிரிகிற விலக்கில் பிளெக்ஸ் வைக்கப் போகிறார். "நாலு வரி எழுதிக் குடு ஆத்தா, நீதான படிச்ச புள்ள" என்றார். உட்கார்ந்து எழுதினேன். நாலு வரியில் நிற்கவில்லை. பிளெக்ஸில் போடுகிற மாதிரியும் வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல சேதி. பட்டம் வாங்கிவிட்டேன் அப்பா. கணிதம். ஒரு பாடத்தில்கூட அரியர் இல்லை. பட்டமளிப்பு விழாவில் வாடகைக்குக் கொடுத்த கறுப்பு அங்கியை அம்மா தொட்டுப் பார்த்து, "இது வக்கீல் போடுறதுல்ல?" என்று கேட்டாள். பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சிரித்தாள். நம் வீட்டில் அந்த அங்கியைப் போட்ட முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எல்லோரும் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். எனக்கு என்னவோ வாயில் கசக்கிறது.

அந்த அறக்கட்டளைக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? என் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அவர்களே கட்டுவதாகச் சொல்லிப் பெற்றோரையும் வரச் சொன்னார்கள். துவைத்து மடித்த சட்டை போட்டுக்கொண்டு நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். மேடையில் ஒரு சார் விதிகளைப் படித்தார். எல்லாப் பாடத்திலும் முதல் தடவையே தேற வேண்டும். வருகைப் பதிவு அவர்கள் சொல்கிற அளவுக்குக் கீழே போகக் கூடாது. அந்த அளவு, கல்லூரி கேட்பதைவிட அதிகம். தருகிற தகவலெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அடுத்த வருடம் உதவி கிடையாது.

கூட்டத்தில் நீங்கள் ஒருவர்தான் எழுந்தீர்கள். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"ஏங்க, புள்ளைக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சுன்னா?"

"டாக்டர் சர்ட்டிபிகேட் குடுங்க. அந்த நாளையெல்லாம் கழிச்சுக்குவோம்."

பஸ்ஸில் வரும்போது உங்களுக்கு ஒரே திருப்தி. "பாத்தியா ஆத்தா, எல்லாத்துக்கும் வழி வச்சிருக்காங்க" என்றீர்கள். என் உடம்புக்கு என்னவாகும் என்று கேட்கத் தோன்றியது உங்களுக்கு. உங்கள் உடம்பைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அடுத்த வருடம் நீங்கள் லோடு ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தீர்கள். களைப்பு என்று நினைத்தார்களாம். லாரியில் மீதிக் கட்டையையும் ஏற்றிவிட்டுத்தான் உங்களை எழுப்ப வந்தார்கள். லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதை ஒருவர் எங்களிடம் ஆறுதல் போலச் சொன்னார்.

உங்களுக்கு மகன் இல்லை. பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன் கொள்ளி வைத்தது. பால் தெளித்து முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பிவிட்டது. "லீவு இல்ல சித்தி, ஆளை மாத்திருவாங்க" என்றது. "வேலைன்னா போகத்தானே வேணும்" என்று வழிச்செலவுக்குக் கொடுத்து அனுப்பினார்கள்.

எனக்கு அந்த வாரம் இன்டர்னல் பரீட்சை. அம்மாவிடம் போய் நின்றேன். "என்னய என்னத்தக் கேக்குற? ஒம் பெரியப்பாவக் கேளு" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியப்பாவிடம் போனேன்.

"அப்பன் செத்த ஈரம் காயல. அதுக்குள்ள பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுனா ஊரு என்ன பேசும்? பதினாறு முடியாம பொம்பளப்புள்ள வாசப்படி தாண்டக் கூடாது."

"பரீட்சை பெரியப்பா."

"பரீட்சை அடுத்த வருசமும் வரும். அப்பன் வருவானா?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நல்ல கேள்விதான். கொள்ளி வைத்த மகன் மெஷினில் உட்கார்ந்து பனியன் தைத்துக்கொண்டிருக்கும்போது, கொள்ளி வைக்கக் கூடாத மகள் எதற்காக மூலையில் உட்கார வேண்டும் என்பது அதைவிட நல்ல கேள்வி. அதைக் கேட்கிற குரல் எனக்கு இல்லை. உங்களுக்குத் தெரியுமே, கடையில் மீதிச் சில்லறை கேட்கவே நான் உங்களைத்தானே அனுப்புவேன்.

வகுப்புப் பிள்ளைகள் ஒருநாள் வந்தார்கள். தங்களுக்குள் காசு போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். உங்கள் முகம், இறந்த தேதி, கீழே "எங்கள் தோழி சுகன்யாவின் தந்தை", அதற்கும் கீழே "ஆழ்ந்த வருத்தத்துடன், கணிதத்துறை இரண்டாமாண்டு மாணவிகள்". விலக்கில் பஸ் நிற்கிற இடத்திலேயே கட்டிவிட்டுப் போனார்கள். எவ்வளவு பிரியம்! அந்தப் பிரியம்தான் பிறகு என்னைக் காட்டிக்கொடுத்தது.

பதினாறு முடிந்து கல்லூரிக்குப் போனேன். கல்லூரிக் கணக்கில் எனக்கு வருகை போதும். அறக்கட்டளைக் கணக்கில் போதவில்லை. அலுவலகத்தில் உதவித்தொகை பார்க்கிற மேடத்திடம் போய், அப்பா இறந்துவிட்டார் என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன். அவர் விதித்தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"உடல்நலக் குறைவு, விளையாட்டுப் போட்டி, என்.சி.சி. கேம்ப். இவ்வளவுதான்மா இருக்கு. இறப்பு இல்லையே."

"எங்க அப்பா மேடம்."

"புரியுதும்மா. ஆனா இறந்தது நீ இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை அப்பா. வருத்தமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "டைபாய்டுன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா. எல்லாரும் அப்படித்தான் குடுக்குறாங்க. உண்மையச் சொல்லி வருசத்தக் கெடுத்துக்காத" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் கேட்டதும் கிடைத்தது. என் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. நீங்கள் செத்த பதினாறு நாளும் எனக்குக் காய்ச்சல் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். உண்மையில் அந்த நாட்களில் எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

புதுப்பிப்பதற்கு முன்னால் அறக்கட்டளை ஆட்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பது வழக்கம். வந்த சார் விலக்கில் இறங்கியிருக்கிறார். பிளெக்ஸ் அப்படியே நின்றது. நம் ஊரில் கட்டத்தான் ஆள் உண்டு, அவிழ்க்க ஆள் ஏது? நின்று தேதியைப் படித்திருக்கிறார். கையில் இருந்த சர்ட்டிபிகேட்டில் உள்ள தேதியையும் பார்த்திருக்கிறார். நான் அப்போது வீட்டில் இல்லை. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"பொண்ணுக்கு அப்ப டைபாய்டு வந்துச்சாம்லம்மா?"

அம்மா பதறிப்போய், "ஐயய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். புள்ள நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க அப்பாதான் தவறிட்டாரு" என்றிருக்கிறாள். சர்ட்டிபிகேட் விஷயம் அவளுக்குத் தெரியாது. பிள்ளைக்கு நோய் என்று எழுதிவிட்டால் உதவி நின்றுவிடும் என்று பயந்து சொல்லியிருக்கிறாள். அதோடு விட்டாளா? மோர் கொடுத்து, "எம்புள்ளைக்கு ஒரு நோவு நொடி கிடையாதுங்க" என்று வழியனுப்பியும் வைத்திருக்கிறாள்.

பொய்யான தகவல் என்று சொல்லி உதவியை நிறுத்தினார்கள். மதிப்பெண்ணில் குறையில்லை. அரியர் இல்லை. நீங்கள் செத்ததிலும் பொய் இல்லை. பொய் எது என்றால், அவர்களுடைய விதிக்குள் உங்களை நுழைக்க முடியாமல் நாங்கள் கண்டுபிடித்த காய்ச்சல்.

உங்கள் வண்டியை விற்றோம். அம்மா தைலமரப் பட்டை உரிக்கப் போகத் தொடங்கினாள், நீங்கள் லோடு ஏற்றிய அதே காண்ட்ராக்டரிடம். நான் மாலையில் டியூஷன் எடுத்தேன். மூன்றாம் வருடம் அப்படித்தான் ஓடியது. அங்கியைத் தொட்ட அம்மாவின் கையில் தைல வாசனை இருந்தது. கழுவினாலும் போகாது, உங்களுக்குத் தெரியுமே.

இப்போது எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. நம்மால் கட்ட முடியாது. அதே அறக்கட்டளைக்குத்தான் விண்ணப்பித்தேன், வேறு யாரிடம் போவது? அன்றைக்கு வீட்டுக்கு வந்த அதே சார் போனில் பேசினார்.

"மார்க்கெல்லாம் பிரமாதமா இருக்கும்மா. எனக்கும் குடுக்கணும்னுதான் ஆசை. பழைய விஷயம்தான் இடிக்குது. திங்கட்கிழமை நேர்காணல்ல கேப்பாங்க. அப்ப உனக்கும் காய்ச்சல் இருந்துச்சுன்னு நீயும் அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. அன்னைக்கி துக்கத்துல அம்மா மாத்திச் சொல்லிட்டாங்கன்னு நான் எழுதிக்கிறேன்."

"அப்பா இறந்ததுக்குத்தான் சார் வீட்டுல..."

"அதுக்கு இன்னமும் விதியில எடம் இல்லம்மா."

அவர் கெட்டவர் இல்லை. அப்பா, எனக்கு வருகிற கோபத்தை வைக்க ஒரு கெட்டவர்கூட இந்தக் கதையில் கிடைக்க மாட்டேன் என்கிறார். பெரியப்பா அந்த வருடம் நம் வயல் நெல்லை அறுத்து வீட்டில் கொண்டுவந்து போட்டார். மேடம் வழி சொன்னார். சார் போன் செய்கிறார். எல்லோரும் நல்லவர்கள். நான் மட்டும் பொய்க்காரி.

அம்மாவிடம் சொன்னேன், பொய் சொல்ல மாட்டேன் என்று. பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"நீ வாய மூடிக்கிட்டு இரு. அன்னைக்கி உண்மையச் சொல்லிக் கெடுத்தவ நானு. இப்பப் பொய்யச் சொல்லி நானே சரி பண்ணிர்றேன்."

அன்றிலிருந்து ஒத்திகை பார்க்கிறாள். பாத்திரம் கழுவும்போது, ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போது, உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறாள். நேற்று என்னை எதிரே உட்காரச் சொன்னாள். நான்தான் நேர்காணல் அதிகாரி.

"கேளுடி."

"உங்க பொண்ணுக்கு என்ன செஞ்சுச்சு?"

"காய்ச்சலுங்க. நெருப்பாக் கொதிச்சுச்சு. பச்சத்தண்ணி எறங்கலைங்க. கஞ்சிய வடிச்சுக் குடுத்தேன், அதுவும் வாந்தி. கண்ணத் தொறக்கல." நன்றாகவே சொன்னாள். நம்பிவிடுவேன் போல இருந்தது. குரல் ஏறிக்கொண்டே போனது. "பயந்து போயிட்டோங்க. அப்புறம் அவங்க அப்பாதான் வண்டியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு..."

நின்றுவிட்டாள்.

அவளே, "அப்ப அவரு இல்லேல்ல" என்றாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "சரி, அத விட்டுட்டுச் சொல்றேன்" என்று ஆட்டைப் பிடித்துக் கட்டப் போனாள்.

அம்மாவால் அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது அப்பா. எனக்குக் காய்ச்சல் என்றால், தூக்கிக்கொண்டு ஓட நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். அவளுக்கு வேறு மாதிரிப் பொய் சொல்லத் தெரியாது. அந்த அறையில், முன்பின் தெரியாத நாலு பேருக்கு முன்னால், அவள் உங்களை மறுபடி எழுப்பி, மறுபடி சாகக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டுமா? அதற்குப் பெயர் உதவியா?

திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். பெற்றோர் வர வேண்டும் என்பதும் விதி. ஆனால் அவளைப் பேச விட மாட்டேன். கேள்வி வருவதற்கு முன்னாலேயே நான் எழுந்துவிடுவேன். "எனக்குக் காய்ச்சல் இல்லை. என் அப்பா இறந்துபோனார். நான் அவருக்காக வீட்டில் இருந்தேன்." இவ்வளவுதான் சொல்லப் போகிறேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும், நிறுத்த மாட்டேன். எம்.எஸ்ஸி. போனாலும் போகட்டும் என்று சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை. போனால் அழுவேன், நாலு நாள் சாப்பிட மாட்டேன். இருந்தாலும் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் ஒரே பிள்ளை,
சுகன்யா