பெரியப்பா சாவும் நெட்பால் செலக்‌ஷனும்

1987, செப். 16, புதன்

காலையில் தூறல். கள்ளக்குறிச்சி ஸ்கூல் கிரவுண்டில் நெட்பால் பிராக்டிஸ். தரை வழுக்கல். முட்டி வலி கம்மி. நான் கோல் டிஃபன்ஸ், ஷூட்டரைக் கோல் போடவிடாமல் தடுக்கிற இடம். ரூல்படி மூன்றடி தள்ளி நின்று கையை நீட்டி நீட்டியே தோள் போச்சு.

ஞாயிறு மெட்ராஸில் இந்தியா டீம் செலக்‌ஷன். ஸ்டேட்டுக்குப் பல வருஷமாக ஆடுகிறேன், இந்தியாவுக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. வயசு இருபத்தாறு. இனிக் கூப்பிட மாட்டார்கள்.

சாயங்காலம் துணிமணி எடுத்துப் போக மணலூர்பேட்டை வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஒருவர், நாளையிலிருந்து ரோட்டில் ஈ காக்கா போகாது என்றார். இடஒதுக்கீடு கேட்டு மறியல். ஒரு வாரமாம். ஞாயிறு எப்படிப் போய்ச் சேர்வது?

செப். 17, வியாழன்

பஸ் இல்லை. திருக்கோவிலூர் ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

எடுத்து வைத்தது: ஷூ, முட்டிப் பட்டை, தைலம், இரண்டு செட் டிரஸ்.

மரத்தைத் தாண்டிவிடலாம். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்களே, அதுதான் பயம். தெருவைச் சொன்னால் நாங்கள் யாரென்று தெரிந்துவிடும். பக்கத்து ஊரில் எங்கள் ஆட்களின் கூரையைக் கொளுத்தியதாகப் பேச்சு. உண்மையா, தெரியாது. அண்ணனை அம்மா வெளியே விடவில்லை.

செப். 18, வெள்ளி

சாவுக்குப் போகிறவர்களை மட்டும் விடுகிறார்களாம். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். யாரைச் சாகடிப்பது? உயிரோடு இருப்பவரைச் சொன்னால் ஆகாதாம். எப்போதோ போய்ச் சேர்ந்த பெரியப்பாவை மறுபடி சாகடித்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முறைத்தாள்.

விடிந்ததும் நடை. திருக்கோவிலூரில் ரயில் கிடைத்தால் உண்டு. தூக்கம் வரவில்லை.

செப். 19, சனி. ரயிலில்

பெட்டி ஆடுகிறது. எழுத்து கோணல்.

முதல் மரத்தடியில் பத்துப் பேர். அரிவாள். யார் செத்தது என்றார்கள். திருக்கோவிலூர்ப் பெரியப்பா என்று வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, பயம். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். தெருவைக் கேட்கவில்லை. அப்பாடா என்பதற்குள் ஒருவர் சைக்கிளை எடுத்தார். நாற்பது வயசிருக்கும். பொம்பளப் புள்ள அழுதுக்கினு தனியா போறதா, சாவு வூட்டு வாசல்லயே வுட்டுட்டு வரேன் என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கேரியரில் உட்கார்ந்தேன். இல்லாத சாவுக்கு எந்த வாசலைக் காட்டுவது? குதித்து ஓடலாம் என்றால் மரத்துக்கு மரம் ஆள். அவர்தான் எல்லாரிடமும் சாவு, சாவு என்று சொல்லி வழி வாங்கினார். பாவி, இவ்வளவு நல்லவராக இருந்தால் நான் என்ன செய்ய?

திருக்கோவிலூர் நெருங்கியதும் சொல்லிவிட்டேன். சாவு இல்லீங்க.

சைக்கிள் நின்றது. இரண்டு பக்கமும் கரும்பு. ஆள் அரவம் இல்லை. பந்து விளையாட்டு, இந்தியா டீம், ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கவர்மெண்ட் வேலை. என்னென்னவோ உளறினேன்.

"வேல குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கங்க."

"நாங்களும் அதுக்குத்தாம்மா மரத்த வெட்டிப் போட்டுக்கினு குந்திக்கினு கீறோம்."

கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்தார். பிறகு கேட்டார்.

"எந்தத் தெரு?"

சொன்னேன். பொய் வரவில்லை.

கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மூத்திரம் முட்டியது. ஏறு என்றார்.

அடுத்த மரத்தடியில் ஒரு பையன் அரிவாளை நீட்டி மறித்தான். இவர் இறங்கவில்லை. "எங்க பங்காளி வூட்டுப் பொண்ணு. வழிய வுடு."

ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். கும்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் மிதித்துப் போய்விட்டார்.

செப். 20, ஞாயிறு

கால் மரத்துப் போயிருந்தது. ஆனாலும் ஆடினேன். ஷூட்டர் கைக்கு வந்த பந்தை நாலைந்து தடவை தட்டினேன்.

சாயங்காலம் பேர் வாசித்தார்கள். என் பேர் இருக்கிறது. கட்டிப் பிடித்தார்கள். அழுதேன்.

தங்கியிருக்கும் ஹாஸ்டலில் வார்டன் ரூம் ரேடியோவில் செய்தி. எங்கள் பக்கம் மறியலில் துப்பாக்கிச் சூடு. ஊர்ப் பேர் காதில் விழவில்லை. திருப்பிச் சொல்லவுமில்லை.

ஸ்வீட் வாங்கப் போகலாம் வா என்கிறார்கள். சைக்கிள்காரர் திரும்பிப் போனது அந்த மறியல் ரோட்டில்தான்.