வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும் முடிவு செய்யவில்லை. ஹெட்ஃபோனைப் பற்றித்தான் எழுதுகிறேன். பின்னால் எடுத்துப் படிக்கும்போது வேறு எதையோ என்று நானே பயந்துவிடக் கூடாது.

சென்னைக் கம்பெனியின் மெயில் வந்து எட்டு நாள் ஆகிறது. ஒலிப்புத்தகங்களைக் கேட்டுப் பிழை குறித்துக் கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, அக்டோபரிலிருந்து உயர்ந்த ஹெட்ஃபோன் இருந்தால்தான் வேலை. படிப்பவர் எச்சில் விழுங்குவது, பக்கம் புரட்டுவது, பக்கத்து அறையில் மிக்ஸி ஓடுவது, எல்லாவற்றையும் எந்த நிமிடம் எந்த நொடி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். என் பழைய இயர்ஃபோனில் மிக்ஸி கேட்கிறது, எச்சில் கேட்பதில்லை.

துபாயில் ஹெட்ஃபோன் கடையிலேயே வேலை பார்க்கும் கணவர் இருந்தும் எனக்கு இந்தக் கவலை. காமில் மச்சான் இன்று நாலரை நிமிடத்துக்கு வாய்ஸ் அனுப்பியிருந்தார்.

"கடையில இப்ப கூட்டம் இல்ல, அதான் பேசுறேன். வூட்டுக்கு ஒன்னு, வெளிய ஒன்னுன்னு ரெண்டா எடுத்துக்க ஃபைஸா. ரெண்டு வேலையும் ஒரே சாமான் பாக்காது. வூட்டுக்கு ஓப்பன் பேக். பின்பக்கம் மூடாம வலை மாதிரி இருக்கும். காதை அடைக்காது, எதுத்தாப்புல ஆள் உக்காந்து பேசுற மாதிரி கேக்கும். பஸ்ஸுக்குக் காதுக்குள்ள வைக்கிறது. ஒசந்ததாவே பாரு, திரும்பத் திரும்பவா வாங்கப் போறோம்?"

உயர்ந்தது என்றால் எது? அவர் அனுப்பிய பட்டியலில் ஒன்பது இருக்கின்றன. ஒன்பதும் உயர்ந்ததாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வீட்டுக்கானதில் மூன்று மிஞ்சியிருக்கின்றன. முதலாவது அரைக்கிலோ கனம், கழுத்து போய்விடும். இரண்டாவது லேசு, ஆனால் "ச", "ஸ" எல்லாம் ஊசியாகக் குத்தும் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது முந்நூறு ஓம் மின்தடை உள்ளது. அதை அப்படியே போனில் சொருகினால் முனகும். சத்தத்தைக் கூட்டத் தனியாக ஒரு ஆம்ப் வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து ஒலியைச் சுத்தமாக எடுத்துக் கொடுக்க டாக் என்று இன்னொரு பெட்டி. அந்தப் பெட்டி சரியில்லை என்றால் ஹெட்ஃபோன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் வீண். அப்படியானால் பெட்டியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டுமோ? கரண்ட் போனால்?

நடு அறையில்தான் வைஃபை ஒழுங்காகக் கிடைக்கிறது, அதனால் என் மேசை அங்கே. பக்கத்திலேயே மச்சானின் அம்மா, என் மாமியின் கட்டில். நான் ஏட்டில் எழுதுவதையும் அடிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காதுல மாட்டுற சாமானுக்கா இத்தன யோசன? ருமைசாவுக்கு மாப்பிள்ள பாத்தப்பகூட நான் ரெண்டே நாள்ல முடிச்சேன்" என்றார். மகளின் கல்யாணத்தை மாமி இப்படித்தான் எல்லாவற்றுக்கும் அளவுகோலாக வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முடிவு: வீட்டுக்கு அந்த முந்நூறு ஓம், டாக்கும் ஆம்பும் ஒன்றாக இருக்கிற பெட்டியோடு. வெளியே, காதுக்குள் வைக்கிறதும் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பிளேயரும். செவ்வாய், வெள்ளி அரியலூருக்குப் போய், ஒலிப்புத்தகம் படிக்கும் கவிதாவின் ரெக்கார்டிங் ரூமில் உட்காருகிறேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து போகும் அந்த நேரத்தையும் வேலையாக்கிக்கொள்ளலாம்.

மச்சானிடம் சொன்னேன். "சரி, அனுப்புறேன்" என்றார். அவ்வளவுதான். ஒன்றுக்கு நாலு கேள்வி கேட்கிற ஆள். விலை கேட்டேன். "ஸ்டாஃப் ரேட்டு, நீ ஏன் கேக்குற" என்றார்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் சரி என்றார்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காதுக்குள் வைக்கும் ரப்பர் சிறியதா, நடுத்தரமா, பெரியதா என்று கேட்கிறார். முப்பத்தொரு வயதில் இன்றுதான் என் காதைக் கண்ணாடியில் உற்றுப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வந்துவிட்டது. அடுத்த தெரு ஜமால் முகமது மாமா துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். ஒருவர் ஊருக்குக் கிளம்பினால் பத்து வீட்டுச் சாமான் அவர் பெட்டியில் ஏறும். எடை கூடும் என்று அட்டைப்பெட்டியை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, ஹெட்ஃபோனைக் கம்பளிக்குள் சுருட்டி, பால் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"காமில் எப்படி இருக்கான்?" என்று மாமி கேட்டார்.

"நல்லா இருக்கான் லாத்தா" என்றார், கம்பளியை மடித்துக்கொண்டே. டீ வேண்டாம் என்று எழுந்துவிட்டார். டீ வேண்டாம் என்று சொல்கிற மனிதரா அவர்?

காதில் படும் மெத்தை அமுங்கிக் கிடக்கிறது. நூறு தலை மாட்டிப் பார்த்த மாதிரி. பக்கவாட்டில் ஸ்டிக்கர் பிய்த்த பிசுக்கு. புதிதில்லை. ஸ்டாஃப் ரேட் என்றால் இதுதான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று ஒன்று கேட்டேன். வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

புது ஹெட்ஃபோனுக்குக் காது பழக எதையாவது போட்டுக் கேட்கலாம் என்று மச்சானின் பழைய வாய்ஸ்களைப் போட்டேன். முதலில் நாலாம் தேதியுடையது. கடையில் கூட்டம் இல்லை என்று சொன்னாரே, அது. கடையே இல்லை. கதவுப் பக்கம் ஜன்னல் ஏசி ஒன்று தடதடவென்று ஓடுகிறது. யாரோ இருமுகிறார்கள். இரும்புக் கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம். குக்கர் இரண்டு விசில். அவருக்குக் காலை பதினோரு மணி. அந்த நேரத்தில் கடையில் குக்கர் ஏது?

ஏழாம் தேதி, பதினொன்று, பன்னிரண்டு எல்லாவற்றிலும் அதே ஏசி, அதே இருமல்.

பிறர் குரலுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. என் புருஷன் குரலுக்குப் பின்னால் இருப்பது இத்தனை நாள் எனக்குக் கேட்கவில்லை. "ரூம்லேர்ந்து ஏன் பேசுறீங்க மச்சான், கடை என்னாச்சு?" என்று டைப் செய்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பதில் வந்தது. போனில் பேசமாட்டாராம், போன் என்றால் மாமிக்காக ஸ்பீக்கரில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். வாய்ஸ்தான். மேசையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பக்கத்தில் மாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முகத்தை மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஜூலையிலயே கடையக் கட்டிட்டாங்க ஃபைஸா. ரெண்டு மாச சம்பளத்துக்குப் பதிலா டெமோ பீஸ எடுத்துக்கச் சொன்னாங்க. நீ தேர்ந்தெடுத்ததத்தான் எடுத்தேன். விசா கேன்சல். செப்டம்பர் இருவத்தஞ்சு வரைக்கும்தான் இருக்கலாம். அம்மாகிட்ட சொல்லிடாத. சத்தியமா சொல்லிடாத."

அந்த ஒன்பதின் பட்டியலும் அதற்குத்தான். நான் வாரக்கணக்கில் அவருடைய சம்பளத்தை உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறேன். இது கனம், அது குத்தும் என்று.

செப்டம்பர் 1, திங்கள்

வேலை தேடுகிறாராம். தினமும் ஒரு வாய்ஸ் வருகிறது. ஒவ்வொன்றிலும் இருமுகிறவர் மட்டும் மாறவில்லை.

செப்டம்பர் 6, சனி

இன்று இப்படிச் சொன்னார். "கெடைக்கலன்னா இங்கேயே இருந்துடுறேன். ஒளிஞ்சு மறைஞ்சு சில பேரு இருக்காங்க, கூலி வேலை கெடைக்குது. ரெண்டு வருஷத்துல கொஞ்சம் சேத்துக்கிட்டு வரேன். வெறுங்கையோட தெருவுக்குள்ள எப்படி வர்றது?"

பிடிபட்டால்? உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்? வேண்டாம், வாங்க என்று பத்துத் தடவை அனுப்பினேன். ஒரு அழுகை முகம் மட்டும் அனுப்பினார்.

மாமியிடம் சொல்லிவிடலாமா? சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்லாவிட்டால்?

செப்டம்பர் 10, புதன்

மாமி இப்போதெல்லாம் கீரையோ வெங்காயமோ எல்லாவற்றையும் என் மேசைப் பக்கத்தில் வந்துதான் உட்கார்ந்து செய்கிறார். அஸர் தொழுதுவிட்டு துஆவுக்கு ஏந்திய கையை இறக்கவே நேரமாகிறது. காமில் எப்போது வருவான் என்று வாரம் ஒருமுறை கேட்பவர், பதினைந்து நாளாகக் கேட்கவில்லை. நல்லவேளை. கேட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

செப்டம்பர் 13, சனி

இரண்டில் ஒன்றை விற்றால் டிக்கெட்டுக்கு ஆகும். டிக்கெட்டை எடுத்து அனுப்பிவிட்டால் வந்துதானே ஆக வேண்டும்? எதை விற்பது? வீட்டுக்கானது போனால் அக்டோபரில் வேலை போகும். பஸ்ஸுக்கானது போனால் நேரம் போகும். ஆனால் பழையது வாங்குகிறவர்கள் எல்லாம் வீட்டுக்கானதைத்தான் கேட்கிறார்கள்.

அரியலூரில் சிமெண்ட் ஆலை இன்ஜினியர் ஒருவர் இதில் பைத்தியமாம். கவிதாவுக்குத் தெரிந்தவர். செவ்வாய்க்கிழமை அவள் ரூமுக்கு வந்து இரண்டையும் கேட்டுப் பார்ப்பார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

யா அல்லாஹ்.

அந்த இன்ஜினியர் மணிவண்ணன் வந்தார். பெரியதைத்தான் முதலில் மாட்டினார். கவிதா தான் படித்த அத்தியாயம் ஒன்றைப் போட்டாள். நான் அவருக்கு எதிரே, வீட்டில் என் மேசையிலிருந்து மாமியின் கட்டில் இருக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ரூம் அமைதியாக இருந்தது. கவிதாவின் குரல் எனக்குக் கேட்டது. முணுமுணுப்பாக இல்லை. சொல் சொல்லாக. "அவள் கதவைத் திறந்தபோது மழை விட்டிருந்தது." முழு வாக்கியம்.

"வெளிய கேக்குதே?" என்றேன்.

அவர் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, "ஓப்பன் பேக்குல்ல மேடம்? பின்னால தொறந்துதான இருக்கு. பாதி சத்தம் வெளிய போகும். இத மாட்டிக்கிட்டு ரகசியம் கேக்க முடியாது" என்று சிரித்தார்.

பின்பக்கம் மூடாமல் இருக்கும் என்று மச்சான் சொன்னார். எதிரே ஆள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும் என்றும் சொன்னார். அது எனக்கு மட்டும் என்று நான் நினைத்தேன். மூன்று மாத ஆராய்ச்சி செய்தவள்போல் ஓம் கணக்கெல்லாம் பார்த்தேனே, இது ஒன்று மண்டையில் ஏறவில்லையே.

கீரை. வெங்காயம். பதினைந்து நாளாகக் கேட்காத கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல், "மாமி, காமில் மச்சான்…" என்று ஆரம்பித்தேன்.

"கட கட்டுனதா? தெரியும்" என்றார். "மொத நாளே கேட்டுச்சு. நான் என்ன செவிடா?"

"ஏன் மாமி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன். சொல்லாதன்னு அவன் சத்தியம் வாங்குனதும் கேட்டுச்சு. புருசன் பொண்டாட்டி பேச்சுக்கு நடுவுல நான் எப்படிப் பூர்றது?" என் தோளிலிருந்த பையை வாங்கி வைத்துவிட்டு, "அதுவும் இல்லாம, கேட்டுட்டேன்னு சொன்னா நீ வேற எடத்துக்குப் போயிடுவ. அப்புறம் எம்புள்ள கொரல நான் எங்க கேக்குறது" என்றார்.

நான் அழுதேன். மாமி அழவில்லை. அவர் அழுது முடித்திருந்தார். (வாய்ஸ்களில் மற்ற பேச்சும் இருந்தது. மச்சான் என்னைக் கொஞ்சியது. அதையும் கேட்டிருப்பாரா? எழுதவே கூசுகிறது.)

செப்டம்பர் 17, புதன்

லுஹர் தொழுதுவிட்டு வந்து, "அந்த வாய்ஸ எப்படி அனுப்புறது, புடி" என்றார் மாமி. நான் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். போனை மைக் செட் மாதிரி வாய்க்கு நேராக இழுத்துவைத்துப் பேசினார்.

"காமிலு, அம்மா பேசுறேன். அஸ்ஸலாமு அலைக்கும். கடைய மூடுனது நீயா? பின்ன எதுக்கு நீ ஒளியணும்? திருடுனவன்ல ஒளியணும். இருவத்தஞ்சாந் தேதிக்குள்ள வூட்டுக்கு வந்து சேரு. வெறுங்கையோடயே வா. தெருவுல எவ கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

கையை எடுத்தேன். போய்விட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

நீல டிக். பதில் இல்லை. மாமி சாப்பிடவில்லை. அவர் சாப்பிடட்டும் என்று, நான் சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொன்னேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

அரியலூருக்குப் போகவில்லை. போனை மடியிலேயே வைத்திருந்தேன். கோபமாக இருப்பாரோ? நான்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பாரோ? சத்தியத்தை மீறவில்லை என்று எப்படி நிரூபிப்பது—ஹெட்ஃபோன் சொல்லிவிட்டது என்றா?

ஜும்ஆ தொழுகை முடிகிற நேரத்துக்கு வாய்ஸ் வந்தது. பன்னிரண்டு நொடி. ஹெட்ஃபோன் வேண்டாம் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ஏழு நொடிக்கு ஏசிதான். பிறகு, "சரிம்மா."

செப்டம்பர் 20, சனி

மணிவண்ணனுக்குப் பெரியதைத் தரவில்லை. காதுக்குள் வைக்கிறதையும் பிளேயரையும் கொடுத்தேன். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு போட்டுக் கேட்டுவிட்டுச் சமாதானமானார். யாருக்கும் கேட்காமல் கேட்கிற சாமான் இனி இந்த வீட்டில் எனக்கு எதற்கு? டிக்கெட் இருபத்து நான்காம் தேதிக்கு. ஒரே ஒரு நாள் மிச்சம். விமானம் தாமதமானால்?

செப்டம்பர் 24, புதன்

திருச்சியில் இறங்கிவிட்டார். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இன்று எழுத எதுவும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

பெரம்பலூரில் இரண்டு கடையில் வேலை கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம். என்ன கொண்டுவந்தான் என்று விசாரிக்க வந்தவர்களுக்கு மாமி டீ கொடுத்தே அனுப்பிவிட்டார். கவலை தீர்ந்தது என்று எழுதமாட்டேன்.

இன்று அரியலூருக்குப் போகாமல், மதியம் வீட்டிலேயே கவிதாவின் பதினோராவது அத்தியாயத்தைக் கேட்டேன். நாளையிலிருந்து புது விதி. ஒரு பிழையும் தப்பக் கூடாது. ஏழாவது நிமிடத்தில் ஒரு உறுமல். குறித்தேன். எட்டிலும் அதே உறுமல், சீரான இடைவெளியில். ஒன்பது, பத்து, பதினொன்று. லாரியா? மோட்டாரா? இவ்வளவு மோசமாகவா பதிவு செய்வாள் என்று கவிதாவைக் கூப்பிடப் போனை எடுத்து, ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

உறுமல் நிற்கவில்லை. மாமியின் கட்டிலில் மச்சான் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாமி, எழுப்பாதே என்று எனக்குக் கையைக் காட்டினார்.

குறித்த ஐந்தையும் அடித்துவிட்டு, அத்தியாயத்தை அப்படியே தொடர்ந்து கேட்டேன்.